47ஆம் இலக்கக் கிணற்றுக்கு ஒரு நோயும் இல்லை

"தம்பி, இந்த 47ல ஒரு கோளாறும் இல்லை. மூண்டாம் தரமா வந்து நிக்கிறன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம், மட்டக்களப்பு வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம், வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருந்து மெக்கானிக் அண்ணன் போன் எடுத்துச் சொன்னது இது. பின்னால் ஒரு வயதான அம்மாவின் குரல் கேட்டது: "என்ன மனே, நேத்தும் வந்தீங்க, முந்தநாளும் வந்தீங்க, தண்ணி நல்லாத்தானே வருது?" நான் லப்டொப்பைத் திறந்து பார்த்தேன். அந்தக் கிழமை மட்டும் 47ஆம் இலக்கக் குழாய்க் கிணற்றுக்கு 31 முறைப்பாடுகள் வந்திருந்தன. கைப்பிடி கழன்றுவிட்டது, வாஷர் தேய்ந்துவிட்டது, தண்ணீர் மஞ்சளாக வருகிறது, தண்ணீரே வரவில்லை, சுற்றியுள்ள சீமெந்துத் தளம் வெடித்துவிட்டது. ஒரு கிணற்றுக்கு இத்தனை வருத்தமா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். மற்றக் கிணறுகளுக்கு ஒரு முறைப்பாடுமே இல்லை என்பதையாவது கவனித்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை, முறைப்பாடுகள் வருகின்றன என்ற சந்தோஷத்தில் இருந்துவிட்டேன்.

இணைய முகவரிக்குள் தகவலை வைத்து, படிவம் திறக்கும்போதே அதன் பெட்டிகள் தாமாக நிரம்பியிருக்கச் செய்வது ஒரு பழைய வித்தை. சின்ன வித்தைதான், ஒரு பின்னேரத்தில் செய்து முடிக்கலாம் என்று நினைத்தேன். செய்தும் முடித்தேன். அதைச் சரிப்படுத்தத்தான் இரண்டு மாதம் போனது. தவறுகளில் பெரும்பாலானவை என்னுடையவை என்பதால் யாரையும் குறை சொல்லாமல் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வேலை இதுதான்

ஒரு சிறிய தொண்டு அமைப்பு, பெயர் வேண்டாம். வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கமும், வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் சில இடங்களிலும் கைப்பம்பு பூட்டிய குழாய்க் கிணறுகளைப் பராமரிக்கிறார்கள். பழுது என்றால் யாராவது ஒபிசுக்குப் போன் எடுப்பார்கள், அங்கே வேலை செய்யும் தங்கச்சி சீஆர் கொப்பியில் எழுதி வைப்பார், மெக்கானிக் அண்ணன் மோட்டார் சைக்கிளில் போவார். இதில் உள்ள பெரிய தலையிடி, எந்தக் கிணறு என்று கண்டுபிடிப்பது. "கோயிலுக்குப் பின்னால" என்பார்கள். எங்கள் ஊர்களில் எத்தனை கோயில்!

பிரதேசப் பெயர்கள் அதைவிட மோசம். மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றில் ஐந்து மண்முனை என்று தொடங்கும்: மண்முனை வடக்கு, மண்முனை மேற்கு, மண்முனைப்பற்று, மண்முனை தென்மேற்கு, மண்முனை தென் எருவில் பற்று. இன்னும் ஐந்து கோறளைப்பற்று என்று தொடங்கும். ஆனால் ஒருவரும் இப்படிச் சொல்வதில்லை. மண்முனை மேற்கை வவுணதீவு என்போம், தென்மேற்கைப் பட்டிப்பளை என்போம், தென் எருவில் பற்றை களுவாஞ்சிகுடி என்போம். கொப்பியில் ஒரே பிரிவு ஏழெட்டு விதமாக எழுதப்பட்டிருந்தது. "மண்முனை" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திய பக்கங்களும் உண்டு, அந்த ஐந்தில் எது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

அதனால் ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டுவது, போனைக் காட்டியதும் கிணற்று இலக்கம், ஊர், பிரிவு எல்லாம் நிரம்பிய முறைப்பாட்டுப் படிவம் திறப்பது, பழுது என்ன என்பதை மட்டும் ஆட்கள் தெரிவு செய்து அனுப்புவது என்று திட்டம் போட்டோம். அமைப்பின் தளம் ட்ரூப்பல் என்ற, இணையத்தளம் கட்டும் மென்பொருளில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது.

முதல் திட்டமும் ஒன்பது மடங்கு தமிழும்

ட்ரூப்பலில் இதற்கு ஆயத்தமாகவே வழிகள் இருக்கின்றன. ப்ரீபொப்பியூலேட் என்ற மொடியூலை, அதாவது துணை மென்பொருளைப் போட்டால், உள்ளடக்கம் சேர்க்கும் பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு, எடிட் என்ற சொல்லும் சதுர அடைப்புக்குள் புலத்தின் (பெட்டியின்) இயந்திரப் பெயரும் எழுதி, சமக்குறி போட்டு மதிப்பைக் கொடுக்கலாம். ட்ரூப்பலின் 8ஆம் பதிப்பில் இருந்து அந்த அடைப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக நீளும்: புலப் பெயர், அப்புறம் விட்ஜெட், அப்புறம் பூச்சியம், அப்புறம் வேல்யூ. பார்க்கவே கண் வலிக்கும். வெப்ஃபோர்ம் மொடியூலில் இது இன்னும் சுலபம், பெட்டியின் பெயரையும் மதிப்பையும் எழுதினால் போதும், ஆனால் அந்த வசதியை அமைப்புகளுக்குள் போய் நாமே திறந்துவிட வேண்டும். வேர்ட்பிரஸில் கிராவிட்டி ஃபோர்ம்ஸ் இதையே ஒரு டிக் பெட்டியாக வைத்திருக்கிறது. கூகுள் ஃபோர்ம்ஸில் முன்பே நிரப்பிய லிங்க் எடுக்கும் மெனு உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள விடயம் ஒன்றே: கேள்விக்குறிக்குப் பின்னால் பெயரும் மதிப்பும் சோடி சோடியாக.

நான் செய்த முதல் பிழை, அந்தச் சோடிகளுக்குள் எல்லாவற்றையும் தமிழில் போட்டது. ஊர்ப் பெயர், பிரிவின் பெயர், கிணற்று அடையாளம். பிரவுசரின் முகவரிப் பட்டையில் வடிவாகத் தமிழ் தெரியும், அதைப் பார்த்து நானும் புளகாங்கிதம் அடைந்தேன். உள்ளே நடப்பது வேறு. கொம்பியூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முகவரியில் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு வீதக்குறியும் இரண்டு எழுத்துமாக மாறும். அதாவது ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. இதில் புள்ளியும் ஒரு குறி, உகரக் கொம்பும் ஒரு குறி. "மட்டக்களப்பு" என்ற சொல்லில் இப்படி 12 குறிகள், முகவரியில் 108 எழுத்து. "மண்முனை தென் எருவில் பற்று" இடைவெளிகளும் சேர்த்து 216 எழுத்து. நீளத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் எங்கள் முன்னோர் பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் இதை அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

சர்வருக்கு இது ஒரு பாரமில்லை. அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள் வழக்கமாக 8190 பைட் வரை ஒரு வேண்டுகோள் வரியை ஏற்கும். பாரம் கியூஆருக்கு. முகவரி நானூறு எழுத்தை ஒட்டி வந்ததும், நடுத்தரப் பிழைதிருத்த அளவில் அந்தச் சதுரம் 77க்கு 77 கட்டமாகிவிட்டது. ஸ்டிக்கரில் கியூஆருக்கு இருந்த இடம் ஐந்து சென்ரிமீற்றர். ஒரு கட்டம் அரை மில்லிமீற்றரைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஒபிஸ் மேசையில் வைத்து என் போனால் பார்த்தபோது உடனே பிடித்தது. கிணற்றடியில், ஈரக்கை பட்ட, துரு வடிந்த, வெயில் பட்டு மினுங்குகிற ஸ்டிக்கரை, கமரா கண்ணாடி கீறுப்பட்ட ஒரு பழைய போனால் பிடிக்க முடியவில்லை. முதல் தொகுதி ஸ்டிக்கரில் பாதிக்கு மேல் வீண். அச்சடித்த காசைப் பற்றிக் கேட்காதீர்கள்.

இதே கட்டத்தில் இன்னொரு சின்னக் கோளாறும் வந்தது, அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு ஒரு முழு இரவு போனது. ஊரைத் தெரிவு செய்யும் பட்டியலில் கொக்கட்டிச்சோலை மட்டும் சில கிணறுகளுக்குத் தானாகத் தெரிவாகவில்லை. முகவரியிலும் கொக்கட்டிச்சோலை, பட்டியலிலும் கொக்கட்டிச்சோலை, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. கடைசியில் பைட் பைட்டாகப் பார்த்தால்தான் விளங்கியது: ஒகர உயிர்மெய்யை யூனிகோட்டில் இரண்டு விதமாக எழுதலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். ஒபிசில் இருந்த பழைய கிணற்றுப் பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பை முதலில் அடித்து, பிறகு எழுத்தை அடித்து, கடைசியில் காலைப் போடுவோம் அல்லவா? அதை மாற்றித் தந்த கருவி, கொம்பையும் காலையும் பிரித்தே விட்டுவிட்டது. தெரிவுப் பட்டியலோ வந்த மதிப்பு அச்சொட்டாகப் பொருந்தினால்தான் ஏற்கும், பொருந்தாவிட்டால் பிழை என்றுகூடச் சொல்லாது, பேசாமல் வெறுமையாக நிற்கும். தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் எல்லோரும் உள்ளே எடுக்கும் இடத்திலேயே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவது நல்லது, ட்ரூப்பல் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியில் அதற்கு நோர்மலைசர் என்று ஒரு வகுப்பு இருக்கிறது.

சரி என்று தமிழை முகவரியில் இருந்து எடுத்துவிட்டேன். கிணற்று இலக்கம் மட்டும் போதும், மற்றதை எல்லாம் சர்வர் தேடிக்கொள்ளட்டும் என்று மாற்றினேன். கேள்விக்குறி, கிணறு, சமக்குறி, இலக்கம். அவ்வளவுதான். இந்த முறை நானே கோட் எழுதினேன், ஏனென்றால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு எண்ணம்.

47 எப்படி எல்லோருக்கும் வந்தது

இனி அந்த வெள்ளிக்கிழமைக் கதை.

நான் எழுதியது ஒரு சிறிய பிளொக், அதாவது பக்கத்துக்குள் பொருத்தும் ஒரு துண்டு. முகவரியில் இருந்து இலக்கத்தை எடுக்கும், அந்தக் கிணற்றின் பதிவைத் தேடும், ஊரையும் பிரிவையும் படிவத்தில் ஆரம்ப மதிப்பாக வைக்கும். என் கொம்பியூட்டரில் பத்துக் கிணறு மாற்றிப் பார்த்தேன், பத்தும் சரி. தளத்தில் ஏற்றிய பிறகும் நிர்வாகியாக நுழைந்து ஒரேயொரு தரம் பார்த்தேன், சரி. திங்கட்கிழமை புது ஸ்டிக்கர்கள் ஒட்டப்பட்டன. முதலில் ஸ்டிக்கரைப் போனில் காட்டிப் பார்த்தவர் யாரோ, அவர் நின்ற கிணறு 47.

ட்ரூப்பல் ஒரு பக்கத்தை ஒவ்வொரு தரமும் முதலில் இருந்து கட்டிக்கொண்டிருக்காது. கட்டிய துண்டுகளைக் கேச்சில் எடுத்து வைக்கும், அடுத்தவர் வந்தால் அந்தப் பிரதியைக் கொடுக்கும். எந்தத் துண்டு எதைப் பொறுத்து மாறும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும், அதற்குக் கேச் கொண்டெக்ஸ்ட் என்று பெயர். மொழியைப் பொறுத்து மாறுமா, பயனரைப் பொறுத்து மாறுமா, முகவரியின் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதைப் பொறுத்து மாறுமா? என் பிளொக் அந்தக் கடைசி வகை. ஆனால் அதை நான் ட்ரூப்பலுக்குச் சொல்லவில்லை. ஒரு வரி. அந்த ஒரு வரி இல்லாததால், என் பிளொக் எந்தக் கிணற்றுக்கும் ஒன்றே என்று அது நம்பிவிட்டது. 47 என்று நிரம்பிய படிவத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு வந்தவர் எல்லோருக்கும் அதையே நீட்டியது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, நான் ஏமாந்தது அங்கேதான். உள்நுழையாத பார்வையாளர்களுக்கு ட்ரூப்பல் முழுப் பக்கத்தையும் வைக்கும் கேச், முகவரியை முழுதாக, கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதோடு சேர்த்துத்தான் பார்க்கும். அதனால் 47இன் பக்கமும் 112இன் பக்கமும் அங்கே வேறு வேறுதான். இதை வாசித்திருந்தேன், அதனால் பயமில்லை என்று இருந்தேன். ஆனால் 112இன் பக்கத்தைப் புதிதாகக் கட்டும்போதும், உள்ளே இருக்கும் பிளொக்கைக் கட்டாமல் ஏற்கனவே கட்டி வைத்த துண்டை எடுத்து ஒட்டுகிறது. வெளி உறை புதிது, உள்ளே இருக்கும் காகிதம் பழையது.

என் கொம்பியூட்டரில் ஏன் பிடிபடவில்லை? வேலை செய்ய வசதியாக இருக்கட்டும் என்று அங்கே கேச்சை முழுதாக நிறுத்தி வைத்திருந்தேன். நான் பரீட்சித்த இடத்தில் இந்தப் பிழை வரவே முடியாது. நிர்வாகியாக நுழைந்து பார்த்ததும் உதவவில்லை, ஏனென்றால் ஒரே ஒரு இலக்கத்தைத்தான் பார்த்தேன். இரண்டாவது இலக்கத்தைப் போட்டிருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும்.

திருத்தம் ஐந்து நிமிடம். கொண்டெக்ஸ்ட் வரியைச் சேர்த்தேன், கேச்சைத் துடைத்தேன். ஆனால் வந்து சேர்ந்த 31 முறைப்பாடுகளில் உண்மையில் எது எந்தக் கிணறு? அது பதிவாகவே இல்லை. சர்வர் லொக்கைத் தோண்டினேன். அந்த லொக்கில் ஒவ்வொரு வேண்டுகோளின் முழு முகவரியும் இருக்கும் என்பதால், படிவம் திறந்த நேரத்தையும் அனுப்பிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து 26ஐக் கண்டுபிடித்தோம். மிச்சம் ஐந்து பேருக்கும் ஒபிஸ் தங்கச்சி போன் எடுத்துக் கேட்டார். அதில் ஒருவர் சொன்ன பதில், "கோயிலுக்குப் பின்னால."

ஆட்கள் வாசிப்பதில்லை

அந்த 31 பேரும் படிவத்தில் வேறு ஊரின் பெயரைப் பார்த்துக்கொண்டுதான் அனுப்பினார்கள். வெல்லாவெளியில் நின்றுகொண்டு, படிவத்தில் வவுணதீவு என்று இருக்க, அனுப்பு என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். ஒருவர்கூடச் சொல்லவில்லை. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, பிறகு நானே என் வங்கிப் படிவத்தில் நிரம்பி வருகிற முகவரியை எப்போதாவது வாசித்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. வெறும் பெட்டி என்றால் நாம் யோசித்து எழுதுவோம், நிரம்பியிருந்தால் அது ஏற்கனவே தீர்ந்த விடயம் என்று கண் தாண்டிப் போய்விடும். முன்பே நிரப்புவதால் எழுத்துப் பிழை குறைகிறது, உண்மைதான். ஆனால் தவறாக நிரப்பினால் அந்தத் தவறைத் திருத்த ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

இது கேச் பிரச்சினை தீர்ந்த பிறகும் வேறு உருவத்தில் வந்தது. ஒரு ஊரில் ஒரு தம்பி ஸ்டிக்கரைப் பிடித்து, திறந்த லிங்கை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கிணறு பழுதென்றால் இதில் அறிவியுங்கள் என்று எழுதிவிட்டார். நல்ல எண்ணம்தான். அந்தச் செய்தி பக்கத்து ஊர்க் குழுக்களுக்கும் போனது. எல்லோரும் தங்கள் தங்கள் கிணற்றைப் பற்றி அந்த ஒரே லிங்கில் அறிவித்தார்கள், எல்லாம் அந்தத் தம்பியின் கிணற்றுக்கே பதிவானது. இதற்கு ட்ரூப்பல் என்ன செய்யும்? லிங்கில் இருக்கிற இலக்கத்தை அது சரியாகத்தான் வாசித்தது. லிங்க் என்பது இடத்தில் ஒட்டிய பொருள் என்று நான் நினைத்தேன், மக்களுக்கு அது பகிர்கிற பொருள்.

அதற்கு நாங்கள் செய்தது தொழில்நுட்பத்தில் பெரிய வேலை இல்லை. படிவத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பக்கம். பெரிய எழுத்தில் கிணற்று இலக்கம், ஊர், அந்தக் கிணற்றின் படம். கீழே இரண்டு பொத்தான்: "ஓம், இந்தக் கிணறுதான்", "இல்லை, வேறு கிணறு". இல்லை என்றால் ஊர்ப் பட்டியல் வரும். ஊரும் பிரிவும் இப்போது படிவத்தில் பெட்டியாகவே இல்லை, வெறும் எழுத்தாக மேலே நிற்கின்றன. படம்தான் உண்மையில் வேலை செய்தது. ஊர்ப் பெயரை வாசிக்காதவர்கள்கூட, பின்னால் நிற்கிற வேப்பமரம் தங்கள் வேப்பமரம் இல்லை என்றால் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

நேரம் தின்ற சில்லறைகள்

ஒபிசில் இருந்து முறைப்பாடு செய்தவருக்குத் திரும்ப ஒரு லிங்க் அனுப்புவோம், திருத்தம் சரியா என்று கேட்க. அதில் அவருடைய தொலைபேசி இலக்கமும் முன்பே நிரம்பியிருக்கும். இலக்கம் +94 என்று தொடங்கும். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் கூட்டல் குறியை இடைவெளி என்றுதான் பிஎச்பி வாசிக்கும், இது பழைய வழக்கம். எல்லோருக்கும் "தொலைபேசி இலக்கம் பிழை" என்று சிவப்பில் வந்தது, பெட்டிக்குள் பார்த்தால் 94 சரியாகத்தான் இருக்கிறது, முன்னால் ஓர் இடைவெளி இருப்பது யார் கண்ணுக்குத் தெரியும்? கூட்டல் குறியை வீதக்குறி போட்டு %2B என்று மாற்றி எழுத வேண்டும். சரி, +94 வேண்டாம், பூச்சியத்தில் தொடங்குவோம் என்று தங்கச்சி எக்செல்லில் பட்டியலை மாற்றினார். எக்செல் முன்னால் உள்ள பூச்சியத்தைத் தின்றுவிட்டது.

மருதமுனையில் கைத்தறிச் சாரம் விற்கும் நண்பர் ஒருவர், நான் சொன்னதைக் கேட்டுத் தன் வேர்ட்பிரஸ் தளத்திலும் இதைச் செய்தார். வாடிக்கையாளர் பெயரை நிரப்ப, பெயர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லையே அப்படியே முகவரியில் வைத்தார். பக்கமே இல்லை என்று 404 வந்தது. வேர்ட்பிரஸ் அந்தச் சொல்லைத் தன் சொந்தத் தேவைக்கு எடுத்து வைத்திருக்கிறது. ஆண்டு, நாள் என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களும் அப்படித்தான். முன்னால் கடையின் சுருக்கப் பெயரைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

வெப்ஃபோர்மில் எல்லாப் பெட்டிகளையும் முகவரியால் நிரப்ப அனுமதி என்று ஒரு பொதுத் தெரிவும், ஒவ்வொரு பெட்டிக்கும் தனித் தெரிவும் இருக்கின்றன. திரும்பக் கேட்கும் படிவத்தில் நான் சோம்பேறித்தனமாகப் பொதுத் தெரிவைப் போட்டேன். ஒரு மாதம் கழித்து ஒபிசில் "வேலை முடிந்ததா" என்று ஒரு மறைவான பெட்டியைச் சேர்த்தார்கள். அதுவும் முகவரியில் இருந்து நிரம்பக்கூடியதாகிவிட்டது. யாரும் தப்பாகப் பயன்படுத்தவில்லை, ஆனால் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. மறைவான பெட்டி என்பது கண்ணுக்குத்தான் மறைவு, பிரவுசரில் எவரும் திறந்து மாற்றலாம். ட்ரூப்பலில் வேல்யூ என்ற வகை பிரவுசருக்கே போகாது, சர்வரிலேயே இருக்கும். அப்படியான தகவலுக்கு அதுதான் சரி.

தொலைபேசி இலக்கம் முகவரியில் போகலாமா என்பது இன்னும் பெரிய கேள்வி, அதை நான் பிந்தித்தான் கேட்டேன். 26 முறைப்பாடுகளை லொக்கில் இருந்து மீட்டதைச் சந்தோஷமாகச் சொன்னேன் அல்லவா? அதே லொக்கில்தான் முறைப்பாடு செய்தவர்களின் இலக்கமும், ஒரு கட்டத்தில் அடையாள அட்டை இலக்கமும் வரிசையாகக் கிடந்தன. முகவரியில் வைத்தது சர்வர் லொக்கில் இருக்கும், பார்வையாளர் கணக்கெடுக்கும் கருவியில் இருக்கும், கொமியூனிகேஷன் கடையில் போய்த் திறந்தால் அந்தக் கடைக் கொம்பியூட்டரின் வரலாற்றில் இருக்கும். இலங்கையில் 2022இன் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஒரு அம்மாவின் அடையாள அட்டை இலக்கத்தை அப்படிப் போட்டு வைக்க எனக்கு என்ன உரிமை? பழைய லொக்குகளை அழித்தோம். இப்போது திரும்ப அனுப்பும் லிங்கில் எழுமாறான ஒரு எழுத்துக்கோவை மட்டும்தான் இருக்கும், அதுவும் ஒரு தரம் பயன்படுத்தினால் செத்துவிடும்.

இப்போது இருப்பது

இப்போது ஸ்டிக்கரில் இருக்கும் முகவரிக்குக் கேள்விக்குறியே இல்லை. தளத்தின் பெயர், சாய்கோடு, ஓர் எழுத்து, சாய்கோடு, இலக்கம். எங்கள் ஊரில் பாதை என்றால் வாவியைக் கடக்கும் மிதவை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அந்தத் துறையிலும் பாதைதான், குருமண்வெளியில் இருந்து மண்டூருக்கு மெக்கானிக் அண்ணன் இன்றும் மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றித்தான் போகிறார். இணைய முகவரியிலும் தளத்தின் பெயருக்குப் பின்னால், கேள்விக்குறிக்கு முன்னால் வருவதற்குப் பாதை என்றே பெயர். இலக்கத்தைப் பாதைக்குள் வைத்தால் ட்ரூப்பல் அதை வேறு பக்கமாகவே எண்ணி, ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனிப் பிரதி வைத்துக்கொள்கிறது. என்றாலும் கொண்டெக்ஸ்ட் வரியை எழுதித்தான் வைத்திருக்கிறேன், சூடு கண்ட பூனை.

கியூஆர் 25க்கு 25 கட்டமாகச் சுருங்கிவிட்டது. அதே ஐந்து சென்ரிமீற்றரில் ஒரு கட்டம் இரண்டு மில்லிமீற்றர், பழைய போனும் தூரத்தில் இருந்தே பிடிக்கிறது. இலக்கம் 47 என்பதை யாரும் 48 ஆக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். ஆக்கட்டும். கிணறு எங்கே இருக்கிறது என்பது இரகசியம் இல்லை, இல்லாத இலக்கத்தைப் போட்டால் ஊர்ப் பட்டியல் வரும், படிவம் அனுப்பும்போது சர்வர் இன்னொரு தரம் அந்தக் கிணறு இருக்கிறதா என்று பார்க்கும். அப்படியே பம்பின் உடம்பில் எனாமல் பெயின்ரால் இலக்கத்தைப் பெரிதாக எழுதிவிட்டோம். ஸ்டிக்கரை ஆடு நக்கினாலும் மாரி மழை கழுவினாலும் அது இருக்கும், போன் இல்லாதவர் இலக்கத்தைச் சொன்னாலே போதும். முழு வேலையிலும் மலிவானதும் பிழைக்காததும் அந்தப் பெயின்ர்தான் என்று தங்கச்சி சொல்கிறார், நான் மறுத்துப் பேசுவதில்லை.

போன மாதம் 47ஆம் இலக்கக் கிணற்றின் வாஷர் மெய்யாகவே தேய்ந்துவிட்டது. முறைப்பாடு ஒழுங்காக வந்தது, அந்த அம்மாவின் பேரன் அனுப்பியிருந்தான். மெக்கானிக் அண்ணன் சாவியை எடுப்பதற்கு முன்னால் எனக்குத்தான் போன் எடுத்தார்.

"தம்பி, மெய்தானா?"